வாடகை அறையில் மூன்று இரவுகள்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம்மவர் வழக்கு. நாலாம் நாள் விருந்தாளி வீட்டாருக்குப் பாரமாகிவிடுவான் என்பதே அதன் கருத்தெனப் பலரும் கொள்வர். அப்பழமொழிக்கு வேறொரு பொருளும் உண்டு என்பது என் எண்ணம். முதல் மூன்று நாளாவது ஒருவன் உறவினர் வீட்டிலே உரிமையோடு தங்கலாம் என்று அது உறுதி கூறுகின்றது. அந்த உரிமையை நம்பியே யாழ்ப்பாணத்தவர் நெடுங்காலம் கொழும்புக்குப் பயணப்பட்டனர். பெட்டியிலே இரண்டு உடுப்பு, பனையோலைக் கூடையிலே மாம்பழமும் பனங்கட்டியும், சட்டைப்பையிலே ஒரு விலாசம். இவ்வளவே அவர்களுடைய ஆயத்தம். "சொந்தக்காரர் இருக்கக் காசு கொடுத்துப் படுப்பதா?" என்று அவர்கள் கேட்டனர். விடுதி என்ற எண்ணமே அவர்களுக்கு எழுந்ததில்லை.

இன்று அந்த விலாசம் பலரிடம் இல்லை. வைத்தியம், நேர்முகப் பரீட்சை, கந்தோர் அலுவல் என்று கொழும்புக்குப் போக வேண்டிய தேவை மட்டும் குறையவில்லை. ஆகவே, அளவான பணத்தோடு தலைநகரிலே ஓர் அறை எடுத்துத் தங்கும் கலையை நம் குடும்பங்கள் கற்றுக்கொள்ளவேண்டியிருக்கின்றது. இதனைக் கலை என்று சொல்வது மிகையன்று. நான் என் தாயாரோடும் மகளோடும் 2018ஆம் ஆண்டு அங்கே கழித்த மூன்று இரவுகளைப் பற்றி எழுதினால், அது சிலருக்கேனும் பயன்படும் என்று கருதுகின்றேன்.

முன்னைய நிலையைச் சிறிது நினைத்துப் பார்ப்போம். 1905ஆம் ஆண்டு வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமை பெற்றுக் கொழும்பையும் காங்கேசன்துறையையும் இணைத்தது. அதன்பின் கந்தோர்களில் எழுதுவினைஞராகச் சேர்ந்த நம் இளைஞர் பலர் ஒன்றாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையற்காரரை அமர்த்தி, செலவைப் பங்கிட்டு வாழ்ந்தனர். அத்தகைய வீட்டுக்குச் 'சமறி' என்று பெயர். அவர்கள் மாதந்தோறும் அனுப்பிய பணத்தால் ஊரின் அடுப்புகள் எரிந்தன. மணியோடர்ப் பொருளாதாரம் என்ற சொற்றொடரும் அதனாலேயே பிறந்தது. ஊரிலிருந்து எவர் வந்தாலும் சமறியிலே அவருக்கு ஒரு பாய் விரிக்கப்படும். 1956ஆம் ஆண்டு யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது, வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் சமறிகளோடு குடும்பங்களும் நிறைந்திருந்தன. என் தந்தையார் கொழும்பு சென்ற காலமெல்லாம் பாய்க்கும் தலையணைக்கும் ஒருநாளும் பணம் கொடுத்ததில்லை.

1983 யூலைக்குப் பின் அவ்வீடுகளிற் பல இல்லாமற்போயின. அவற்றில் வாழ்ந்தவர்கள் கடல் கடந்தனர். 1990ஆம் ஆண்டு புகையிரதமும் நின்றது. 2014ஆம் ஆண்டு அது மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது நிலையத்திலே மக்கள் கூடி வரவேற்றனர். புகையிரதம் திரும்பி வந்தது. அது முன்பு கொண்டு சேர்த்த வீடுகள் திரும்பி வரவில்லை. எங்கள் உறவினர் இருந்த வெள்ளவத்தை வளவிலே இப்போது பல மாடிக் கட்டடம் ஒன்று நிற்கின்றது.

என் மகளுக்குப் பம்பலப்பிட்டியிலுள்ள ஒரு கல்வி நிலையத்தில் நேர்முகப் பரீட்சை. என் தாயாருக்கு இரு கண்ணும் மங்கிவிட்டன. கொழும்பிலே ஒரு கண் வைத்தியரைப் பார்க்கவேண்டும். முயன்றதில் இரண்டையும் அடுத்தடுத்த நாள்களில் அமைத்துக்கொள்ள முடிந்தது. விடுதியிலே அறை எடுப்போம் என்றேன். அம்மா மறுத்தார்.

"லொட்ஜிலையோ? நான் வரேல்லைத் தம்பி. கண் தெரியுமட்டும் தெரியட்டும்."

அம்மாவின் மறுப்புக்குக் காரணம் எனக்குத் தெரியும். போர்க் காலத்திலே கடவுச்சீட்டுக்காகவும் வெளிநாட்டுப் பயணத்துக்காகவும் வைத்தியத்துக்காகவும் கொழும்புக்கு வந்த தமிழர் ஆயிரக்கணக்கானோர் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை விடுதிகளிலே வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் காத்திருந்தனர். 2007ஆம் ஆண்டு யூன் 7ஆந் திகதி விடியுமுன், அவ்விடுதிகளில் இருந்த 300க்கும் மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து அதனை நிறுத்தியது. அந்த வாரத்திலே என் தம்பி கொட்டாஞ்சேனையில் ஒரு விடுதியில் இருந்தான். அவனை எவரும் எதுவும் செய்யவில்லை. ஆயினும், விடுதி என்ற சொல் அம்மாவின் காதிலே அன்று தொட்டு வேறு ஒலியோடு விழுந்தது.

நான் அம்மாவோடு வாதிடவில்லை. ஒரு தாளை எடுத்து எங்கள் பயணத்தை எழுதத் தொடங்கினேன். எழுதியதை மகள் அப்பாச்சிக்கு வாசித்துக் காட்டுவாள், அம்மா கேட்டுக்கொண்டிருப்பார். தெளிவாக எழுதப்பட்ட திட்டம் அச்சத்தைப் பாதியாகக் குறைக்கும் என்பதை அப்போது கண்டேன். மூன்றாம் நாள் அம்மாவே, "அப்ப, சுடுதண்ணிப் போத்தலையும் எழுது பிள்ளை" என்றார். அது சம்மதம் என்று விளங்கிக்கொண்டோம்.

அத்தாளிலே முதலில் எழுதப்பட்டது அறையன்று, அலுவல். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதை எழுதிய பின்னரே, எங்கே தங்குவது என்று ஆராய்ந்தோம். பலர் மலிவான அறையை முதலிற் பிடித்துவிட்டுப் பிறகு அலுவலை அதற்கேற்ப வளைக்கப் பார்க்கின்றனர். அறை அலுவலுக்காகவேயன்றி அலுவல் அறைக்காக அன்று.

அடுத்து இடம். கொழும்பிலே குறைந்த செலவில் தங்கக்கூடிய பகுதிகள் சில உள. கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு அண்மையிலுள்ள புறக்கோட்டை, ஒரு நாள் அலுவலுக்கு வரும் தனியாளுக்கும் வியாபாரிக்கும் மிக வசதி. ஆனால், பகலிலே நடக்க இடமில்லாத அவ்வீதிகள் கடைகள் பூட்டியபின் வெறிச்சோடிவிடும். மருதானை, பெரிய வைத்தியசாலைகளுக்குக் கிட்டிய இடம். கொட்டாஞ்சேனையிலே தமிழ் கேட்கும். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலும் அந்தோனியார் கோயிலும் அருகிலுண்டு. வெள்ளவத்தை நகரின் தென்புறத்தே சற்றுத் தள்ளியது. ஆயினும் அங்கே இடியப்பமும் சொதியும் எந்நேரமும் கிடைக்கும். மருந்துக் கடையிலும் மரக்கறிக் கடையிலும் அம்மா தம் மொழியிலேயே பேசலாம். யாழ்ப்பாண பஸ்கள் பலவும் அங்கேயே வந்து நிற்கும்.

புறக்கோட்டையிலே வாடகை குறைவாக இருந்தது. ஆனால், பரீட்சை பம்பலப்பிட்டியில். அது வெள்ளவத்தைக்கு அடுத்த ஊர். சைவச் சாப்பாட்டுக்கு அலையவும் தேவையில்லை. முச்சக்கர வண்டிக் கூலியையும் சாப்பாட்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தபோது, வெள்ளவத்தை அறையே மலிவாயிற்று. அறையின் வாடகை வேறு. அறையினால் வரும் செலவு வேறு. இக்கணக்கை என் மகளைக் கொண்டே போடுவித்தேன். பாடசாலையில் அவள் செய்த எந்தக் கணக்கும் அவளை இவ்வளவு மகிழ்விக்கவில்லை.

மூன்றாவது, குடும்பத்தில் மிகவும் இயலாதவர் யாரோ அவருக்கேற்ற திட்டமே எல்லோருக்கும் ஏற்ற திட்டம். அம்மாவுக்கு முழங்கால் வலி; படியின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தொலைபேசியிலே கேட்கவேண்டிய கேள்விகளை எழுதினோம். அறை எத்தனையாவது மாடியில்? எத்தனை படிகள்? கைபிடி உண்டா? மலசலகூடம் அறையோடு சேர்ந்ததா? அதில் இருக்கை உண்டா, குந்தியிருக்க வேண்டுமா? ஒரு நாள் என்பது எப்போது தொடங்கி எப்போது முடியும்? சொல்லும் வாடகை முழுத் தொகையா, வேறு ஏதும் சேருமா? இரவிலே வாயிற்கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும்?

மூன்று விடுதிகளுக்குப் பேசினேன். முதல்வர், "வந்து பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். இரண்டாமவர் வாடகையைத் தெளிவாகச் சொன்னார். படிகளைப் பற்றிக் கேட்டபோது சிரித்தார். மூன்றாமிடத்திலே ஒரு முதியவரின் குரல். ஆசிரியன் என்று என்னை அறிமுகம் செய்தபின் கேள்வியைக் கேட்டேன். "பொறுங்கோ மாஸ்டர்" என்று தொலைபேசியை வைத்துவிட்டுப் போனார். சிறிது நேரத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "பத்தொன்பது படி. பத்தாவதிலை ஒரு திருப்பம். கைபிடி வலப்பக்கம்" என்றார். வேறு கேள்வி கேட்காமலே அந்த இடத்தை உறுதி செய்தேன்.

நாளின் தொடக்கத்தைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. நண்பகல் தொடங்கி மறுநாள் நண்பகல் வரை ஒரு நாள் என்று கொள்ளும் விடுதிகள் உள. வந்த நேரத்திலிருந்து 24 மணித்தியாலம் என்று கொள்வனவும் உள. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் இரவு பஸ் விடியுமுன்னரே வெள்ளவத்தையில் இறக்கிவிடும். நண்பகல் முறையுள்ள விடுதியிலே அந்நேரத்தில் அறை கேட்டால், முந்திய நாளுக்கும் வாடகை கொடுக்க நேரிடும்; இல்லையேல் சாமான்களோடு காத்திருக்கவேண்டும். தனியாகச் செல்லும் இளைஞர் இதனைப் பொறுத்துக்கொள்ளலாம். முதியவரை அழைத்துச் செல்பவர் பகற் பயணத்தையே கொள்வது நன்று. நாங்கள் புகையிரதத்திலே பகலிற் சென்றோம்.

பணத்தை ஐந்து கடித உறைகளிற் பிரித்தோம். பயணம், அறை, சாப்பாடு, வைத்தியம் என்று நான்கின்மேல் எழுதினோம். ஐந்தாவதில் ஒன்றும் எழுதவில்லை. எதிர்பாராத செலவு வந்தாலன்றி அதனைப் பிரிப்பதில்லை என்பது ஏற்பாடு. என் மனைவி சின்ன மகனோடு வீட்டிலே நின்றாள். அவள் கட்டித் தந்தவை: பருத்தித்துறை வடை, எள்ளுப்பாகு, சுடுதண்ணீர்ப் போத்தல், இரண்டு படுக்கை விரிப்பு, துவாய், சவர்க்காரம், நுளம்புத்திரி, ஒரு சிறு பூட்டு, ஒரு கைவிளக்கு.

மாலையிலே விடுதியை அடைந்தோம். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றிலே, பழைய வீட்டை மாற்றி அமைத்த கட்டடம் அது. தொலைபேசியிற் பேசிய முதியவரே மேசையில் இருந்தார். பணம் கொடுக்குமுன் அறையைப் பார்க்கவேண்டும் என்றேன். அவர் மனங்கோணாமல் திறப்பைத் தந்தார். அறையைப் பார்ப்பதிலே கூச்சம் வேண்டியதில்லை. குழாயைத் திறந்து நீர் வருகின்றதா என்று பார்த்தேன்; கதவின் தாழ்ப்பாளை உள்ளிருந்து போட்டுப் பார்த்தேன்; மெத்தையின் ஓரத்தைத் தூக்கி மூட்டைப்பூச்சி உண்டா என்று நோக்கினேன்; யன்னலைத் திறந்தேன்; மின்விசிறியைச் சுழலவிட்டேன். யன்னலுக்கு எதிரே அயல் வீட்டுச் சுவர். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை முனகியது. குளியலறைக் குழாய் சொட்டியது. அதன்கீழ் ஒரு வாளியை வைத்துவிட்டால் தீர்ந்தது. கட்டில்கள் மூன்றும் இரும்பாலானவை. விரிப்புகள் பழையன, ஆனால் வெயிலிலே உலர்ந்த வாசனையுடையன. இதற்குமேல் அந்த வாடகைக்கு எதிர்பார்ப்பது நியாயமன்று.

கீழே வந்ததும் முதியவர் பதிவுப் புத்தகத்தை விரித்தார். சேலைத் தலைப்பிலே முடிந்திருந்த அடையாள அட்டையை அம்மா கையாற் பொத்திக்கொண்டு நின்றார். நான் என் அட்டையை நீட்டினேன்.

"உங்கடை ஒண்டு போதும் மாஸ்டர். அம்மாவின்ரை வேண்டாம்" என்றார் முதியவர்.

அம்மா முடிச்சை அவிழ்த்தார். "என்ரையையும் எழுதுங்கோ. நான் ஒளிச்சிருக்க வரேல்லை" என்றார்.

முதியவர் ஒரு கணம் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பின்னர் இரு கைகளாலும் அட்டையை வாங்கி, பெயரையும் ஊரையும் நிறுத்தி நிதானமாக எழுதினார். வந்த நோக்கம் என்ற பகுதிக்கு வந்ததும் அம்மாவிடமே கேட்டார்.

"கண் காட்ட. பிறகு, பேத்தியோடை ஊர் பாக்க."

அவ்வாறே எழுதினார். எழுத்துப் பிழை உண்டோ என்று மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டபின்னரே அம்மா படியேறினார். பத்தொன்பது படிகளையும் மகள் எண்ணிச் சொல்லச் சொல்ல, வலக்கையால் கைபிடியைப் பற்றிக்கொண்டு ஏறினார்.

மறுநாள் காலை வைத்தியர் பார்த்தார். இரு கண்ணிலும் புரை. மூன்று மாதத்தின் பின் ஒரு கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்றார். நண்பகலோடு அலுவல் முடிந்தது. வைத்தியசாலை இருந்த பகுதிக்கு அண்மையிலேயே தேசிய நூதனசாலை இருந்தமையால், திட்டத்திலே அதனை அன்றைய பிற்பகலுக்கு வைத்திருந்தோம். ஒரு திசைக்குப் போனால் அத்திசையில் உள்ளவற்றை அன்றே பார்த்துவிடுவது குறைந்த செலவிற் பயணம் செய்பவர் கைக்கொள்ளத்தக்க நெறி.

தேசாதிபதி சேர் வில்லியம் கிரெகரி காலத்திலே கட்டப்பட்டு, 1877ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த வெண்ணிற மாளிகையை மாணவர் ஒவ்வொருவரும் பார்க்கவேண்டும். அங்கே ஒரு கல் இருக்கின்றது. சீனக் கடற்படைத் தலைவரான செங் ஹோ என்பார் 1409ஆம் ஆண்டு பொறிப்பித்த கல் அது. 1911ஆம் ஆண்டு காலி நகரிலே, ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த நிலையிற் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அதிலே எழுத்து உண்டு. சீனப் பகுதி புத்தபெருமானுக்கும், தமிழ்ப் பகுதி தென்னிலங்கையிலே கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய நெறிக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றன. பொன், வெள்ளி, பட்டு முதலியன அவற்றுட் சில.

மகள் இதனை அப்பாச்சிக்கு விளக்கினாள். அம்மாவுக்குக் கல்லின் வடிவம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"சீனாவிலை இருந்து வந்தவர் ஏன் தமிழிலை எழுதினவர்?" என்று அம்மா கேட்டார்.

"இஞ்சை தமிழ் வாசிக்கிற ஆக்கள் இருந்தபடியால்தான், அப்பாச்சி" என்றாள் மகள்.

அம்மா தலையை அசைத்தார். முந்திய மாலை பதிவுப் புத்தகத்திலே எழுதுவித்த தம் பெயரை அப்போது நினைத்தாரோ, நான் அறியேன். கல்லின் முன் சிறிது நேரம் கைகட்டி நின்றார்.

மாலையிலே காலிமுகத்திடலுக்குச் சென்றோம். தேசாதிபதி சேர் ஹென்றி வோட் 1859ஆம் ஆண்டு நிறைவேற்றிய உலாப் பாதை அது. கொழும்பிலுள்ள பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக அதனைப் பேணும்படி, தமக்குப்பின் வருவோரை அவர் வேண்டியிருப்பதை அங்குள்ள கல் இன்றும் சொல்கின்றது. நுழைவுக் கட்டணம் இல்லாத இன்பங்களுள் அதுவும் ஒன்று. திடலின் தென்கோடியிலே 1864ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற காலிமுக ஹோட்டல் விளக்கொளியில் நின்றது. அதன் பெருமையை மகள் சொல்லக் கேட்ட அம்மா, "அதிலை எத்தினை படி?" என்று வினவினார். நாங்கள் மூவரும் சிரித்ததைக் கண்டு, கடலை வண்டிக்காரரும் காரணம் தெரியாமலே சிரித்தார்.

அன்றிரவு நடந்ததை எழுதுவதற்காகவே இக்கட்டுரையைத் தொடங்கினேன் என்றுஞ் சொல்லலாம்.

மகள் உறங்கிவிட்டாள். கடலோரப் பாதையிலே கடைசிப் புகையிரதமும் போய்விட்டது. படியிலே காலடி ஓசை கேட்டது. அம்மா எழுந்து உட்கார்ந்தார்.

"ஆரோ ஏறி வருகினம், தம்பி."

"பக்கத்து அறைக்காரர், அம்மா. சாப்பிட்டிட்டு வருகினம்."

ஓசை எங்கள் கதவைக் கடந்து போயிற்று. அயல் அறையின் திறப்பு திருகப்பட்டது. அம்மா மீண்டும் படுக்கவில்லை.

"அந்தக் கிழமை சின்னவன் ரெலிபோனிலை சத்தமில்லாமற் கதைச்சவன். படியிலை ஆரும் வந்தால் கதையை நிப்பாட்டிப்போடுவன். பிறகு தொடங்குவன்" என்றார்.

தம்பி அவ்வாண்டின் இறுதியிலே வெளிநாடு சென்றவன். அதன்பின் அவன் ஊருக்கு வரவில்லை. அம்மா அவனைக் காணவுமில்லை. கொட்டாஞ்சேனை விடுதியிலேதான் அவன் இந்நாட்டின் கடைசி இரவைக் கழித்தான். பதினொரு ஆண்டுகளாக அந்த அறையை அம்மா மனத்திலே கட்டிக் கட்டிப் பார்த்திருக்கிறார் என்பதை நான் அதுவரை அறிந்திருக்கவில்லை. இருட்டறை என்றும், காற்றில்லாத அறை என்றும், சிறை போன்றதென்றும் அவர் எண்ணியிருந்தார்.

"அவன் படுத்த அறையும் இப்பிடித்தானோ இருந்தது?"

நான் ஒருமுறை அங்கே சென்று தம்பியைப் பார்த்தவன். "இப்பிடித்தான் அம்மா. இரும்புக் கட்டில். ஒரு யன்னல். மின்விசிறி" என்றேன்.

"விசிறி சுத்தினதோ?"

"சுத்தினது. இதைவிடச் சத்தம்."

அம்மா கையை நீட்டிச் சுவரைத் தொட்டார். சுண்ணாம்பு பூசிய அச்சுவரை மெல்லத் தடவிப் பார்த்தார்.

"அப்ப காத்து இருந்திருக்கு" என்றார். சிறிது நேரத்தின் பின் படுத்தார். முனகும் மின்விசிறியின் கீழே அவர் ஆழ்ந்து உறங்கிய மூச்சை நான் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாட் காலை மகள் நன்கு உறங்கி எழுந்து, சூடான பிட்டு உண்டு, பத்து நிமிடப் பயணத்திலே பரீட்சைக்குச் சென்றாள். விடிய விடியப் பிரயாணம் செய்து, முகம் கழுவ இடமின்றி, அயர்வோடு நேர்முகப் பரீட்சைக்குள் நுழையும் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர்! ஒரு நாள் முன்னதாக வந்து, அமைதியாகத் தங்க ஓர் அறை இருக்குமாயின், அதற்குக் கொடுக்கும் வாடகை வீண் செலவன்று; படிப்புச் செலவின் ஒரு பகுதியே. மாலையிலே வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூல் நிலையத்துக்கு அவளை அழைத்துச் சென்றேன். 1942ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சங்கம் அது. பின்னர் அவளுக்கு அக்கல்வி நிலையத்திலே இடம் கிடைத்தது. கொழும்பு அவளுக்குப் புதிய ஊராக இருக்கவில்லை. எங்கே இறங்குவது, எங்கே உண்பது, யாரிடம் எதைக் கேட்பது என்பதை அந்த மூன்று நாளிலே அறிந்திருந்தாள்.

நாலாம் நாட் காலை புறப்பட்டோம். அம்மா தம் கட்டிலின் விரிப்பை மடித்து, தலையணையை அதன்மேல் வைத்து, நிலத்தையும் ஒருமுறை பெருக்கினார். பெருக்கும் வேலைக்கு அங்கே ஒரு பையன் இருக்கிறான் என்றேன். "இருக்கட்டும். நாங்கள் இருந்த இடம்" என்றார். ஐந்தாவது உறை பிரிக்கப்படாமலே இருந்தது. அதிலிருந்து அந்தப் பையனுக்குச் சிறிது கொடுக்கச் சொன்னவரும் அம்மாவே.

இக்கட்டுரையை வாசிக்கும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் சில சொல்லி முடிக்கின்றேன். குறைந்த வாடகை அறையைத் தாழ்வாக எண்ணற்க. அங்கே பட்டு மெத்தையும் பளிங்குத் தரையும் இரா. நீர், காற்று, தாழ்ப்பாள், நேர்மையான மேசைக்காரர் ஆகிய நான்கும் இருந்தாற் போதும். அலுவலை முதலில் எழுதுக. இயலாதவரை முன்வைத்துத் திட்டமிடுக. தொலைபேசியிற் கேட்கவேண்டியவற்றை வெட்கப்படாமற் கேளுங்கள். பதிலின் தன்மையிலிருந்தே விடுதியின் தன்மை தெரிந்துவிடும். உறவினர் இருந்தால் அவர்களையும் சென்று பாருங்கள். ஆனால், படுக்கைக்காகப் போகாமல், அவர்களைக் காண்பதற்காகவே போவது உறவுக்கும் நன்று. பழங்காலத்துச் சமறிப் பாய் அன்பினால் விரிக்கப்பட்டது. அது கிடைக்காத காலத்திலே, நம் பெயரை நாமே எழுதி, நம் பணத்தைக் கொடுத்து, நம் கையிலே திறப்பை வாங்கித் தங்குவதும் மதிப்புடைய வாழ்வுதான். அது நம் தலைநகர். அங்கே தங்க வேறு காரணம் சொல்லவேண்டியதில்லை.

மூன்று மாதம் கழிந்து சத்திரசிகிச்சைக்கான நாள் அண்மியது. வெள்ளவத்தையிலே தமக்கு அறிமுகமான ஒரு வீட்டில் தங்கலாம் என்று அயலவர் ஒருவர் அன்போடு விலாசம் தந்தார். அம்மா அதனை வாங்கி, நன்றி சொல்லி, என்னிடம் தந்தார்.

"அவையளுக்கு ஏன் கரைச்சல்? அந்தப் படி எண்ணின மனுசனுக்கே ரெலிபோன் எடு" என்றார்.